மதிலுக்குள் படை: பெரிக் பாரக்ஸ் எழுப்பிய கேள்விகள்

அமைதிக் காலத்தில் படைவீரர்கள் எங்கே தங்க வேண்டும்? ஊர் மக்களோடு கலந்தா, ஊரிலிருந்து பிரிந்து மதிலுக்குள்ளா? இங்கிலாந்தில் இந்தக் கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது. அரசர், வழக்கறிஞர், பொறியாளர், மருத்துவத் துறையினர் என ஒவ்வொருவரும் தத்தம் பதிலைச் சொன்னார்கள். அந்தப் பதில்களில் ஒன்று கல்லில் நிற்கிறது. இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய பெரிக் நகரத்தில் 1717 முதல் 1721 வரை கட்டப்பட்ட பெரிக் பாரக்ஸ் என்ற படைக் குடியிருப்பு அது. 1881இல் கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் என்ற ரெஜிமெண்டுக்குத் தலைமை இல்லமான அந்தக் கட்டடத்தில், இன்று அந்த ரெஜிமெண்டின் அருங்காட்சியகம் இருக்கிறது.

இந்தக் கட்டடத்தைப் பற்றி எழுதியவர்கள் நான்கு விஷயங்களில் வேறுபடுகிறார்கள்: ஏன் கட்டினார்கள், இதுதான் முதலாவதா, யார் வரைந்தது, இன்று இது யாருடைய நினைவைக் காக்கிறது. கடைசிக் கேள்வியில்தான் பொருள் அதிகம். ஆனால் முதல் மூன்றைக் கடக்காமல் அதைத் தொட முடியாது.

ஊருக்குள் படை என்ற பழைய குறை

படையைக் குறித்த ஆங்கிலேயரின் அச்சம் இரண்டு திசைகளில் ஓடியது. வீரனை வீட்டுக்குள் விடக் கூடாது என்பது ஒன்று. 1628இல் நாடாளுமன்றம் முதலாம் சார்ல்ஸ் மன்னரிடம் நீட்டிய உரிமை மனுவில், வீட்டுக்காரரின் விருப்பமில்லாமல் படையை வீடுகளில் தங்கவைப்பது முக்கியமான புகார்களில் ஒன்றாக இருந்தது. 1679இல் அதைச் சட்டமே தடுத்தது. 1689க்குப் பிறகு, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட படைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வீரர்களைச் சத்திரங்களிலும் மதுக்கடைகளிலும் தங்கவைத்தன. சுமை வீட்டுக்காரரின் தோளிலிருந்து சத்திரக்காரரின் தோளுக்கு மாறியது, அவ்வளவே.

மற்றொரு திசை இதற்கு நேர் எதிர். படைக்கென்று தனிக் கட்டடம் கட்டினால் அது நிலையான படைக்கு வழிவிடும், நிலையான படை கொடுங்கோலுக்கு வழிவிடும் என்ற வாதம் அது. ஸ்காட்லாந்து மலைநாட்டில் படைச் சாலைகள் போட்ட தளபதி ஜார்ஜ் வேட், 1741இல் நாடாளுமன்றத்தில் பேசியபோது, இந்நாட்டு மக்கள் படைக் குடியிருப்பையும் அடிமைத்தனத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகவில்லை என்ற கருத்தைச் சொன்னார். சட்ட அறிஞர் வில்லியம் பிளாக்ஸ்டன் 1765இல் தம் சட்ட விளக்க நூலில் இதையே கோட்பாடாக்கினார். வீரர்கள் மக்களோடு கலந்து வாழ வேண்டும், அவர்களுக்குத் தனி முகாமோ உள்நாட்டுக் கோட்டையோ கூடாது என்றார்.

இந்த நிலைப்பாட்டில் ஒரு கண்ணியம் உண்டு. மக்களிடையே வாழும் வீரன் மக்களைச் சுடத் தயங்குவான் என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. ஆனால் அதை எழுதியவர்கள் சத்திரம் நடத்தியவர்கள் அல்லர். படை ஓரிரு நாள் தங்கிப் போகிற ஊருக்கு அந்தக் கோட்பாடு சுமையாக இல்லை. ஆண்டு முழுவதும் படை நிற்கும் எல்லை நகரத்துக்கு அது தாங்க முடியாத செலவு.

பெரிக்கில் நடந்தது

பெரிக் அப்படிப்பட்ட நகரம். இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடையே பலமுறை கைமாறி, 1482இல் இங்கிலாந்திடம் நிலைத்தது. முதலாம் எலிசபெத் காலத்தில் எழுந்த கொத்தளங்கள் இன்றும் அதைச் சுற்றி நிற்கின்றன. 1707இல் இரு நாடுகளும் ஒன்றானபின் எல்லைக் காவல் தேவையற்றதாகியிருக்க வேண்டும். ஆனால் 1715இல் ஸ்டூவர்ட் வம்சத்துக்கு மீண்டும் முடிசூட்ட முயன்ற ஜாகபைட் கிளர்ச்சி வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், பெரிக்குக்குத் தெற்கே உள்ள லிண்டிஸ்ஃபார்ன் தீவுக் கோட்டையை லான்சலாட் எரிங்டன் என்பவரும் அவருடைய உறவினரும் இருவராகவே பிடித்துவிட்டார்கள். உதவிக்கு ஆள் வரவில்லை. மறுநாளே பெரிக்கிலிருந்து போன படை அதை மீட்டது. சம்பவம் சிறியது, ஆனால் கடற்கரைக் காவல் எவ்வளவு மெலிந்திருந்தது என்பதை லண்டனுக்கு அது உணர்த்தியிருக்கும்.

ஆகவே ஏன் கட்டினார்கள் என்பதற்கு இரண்டு பதில்கள் உண்டு. உள்ளூர் வரலாற்றில் அழுத்தம் பெறுவது, படையைத் தங்கவைக்கும் சுமை தாங்காமல் நகரத்தார் அரசிடம் முறையிட்டது. படை வரலாற்றாளர்கள் அழுத்துவது ஜாகபைட் அச்சத்தை. ஸ்காட்லாந்தில் ரத்வன், இன்வர்ஸ்னெய்ட், பெர்னரா முதலிய இடங்களில் அதே ஆண்டுகளில், அதே ஆர்ட்னன்ஸ் வாரியம் கட்டிய சிறு படைக் குடியிருப்புகளோடு சேர்த்தே பெரிக்கைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கோட்டைகளையும் பீரங்கிகளையும் கவனித்த அரசுத் துறைதான் அந்த வாரியம்.

இரண்டிலும் உண்மை இருக்கிறது, ஆனால் எடை சமமில்லை என்றே தோன்றுகிறது. சத்திரக்காரர்களின் முறையீடு வேறு ஊர்களிலிருந்தும் போனது. அங்கெல்லாம் அரசு கட்டடம் எழுப்பவில்லை. முறையீடு பழையது, கிளர்ச்சி புதியது. பணப்பையைத் திறந்தது கிளர்ச்சிதான், முறையீடு அதற்கு மக்கள் ஒப்புதல் என்ற முகத்தைத் தந்தது. படைக் குடியிருப்பு என்றாலே கொடுங்கோல் என்று பேசப்பட்ட காலத்தில் அந்த ஒப்புதல் சிறிய விஷயமல்ல.

முதலாவது என்ற பெயர்

இங்கிலாந்தில் காலாட்படைக்கென்றே கட்டப்பட்ட முதல் குடியிருப்பு என்று பெரிக் பாரக்ஸை அறிமுகப்படுத்துவது வழக்கம். இதை எல்லைகளோடு எடுத்துக்கொள்ள வேண்டும். டப்ளினில் தாமஸ் பர்க் வடிவமைத்த ராயல் பாரக்ஸ் அந்த நூற்றாண்டின் முதல் ஆண்டுகளிலேயே எழுந்தது. பெரிக்கைவிடப் பல மடங்கு பெரியது. இங்கிலாந்திலேயே கோட்டைகளுக்குள் வீரர் தங்கும் கட்டடங்கள் முன்பே இருந்தன. கென்ட் மாவட்டத்து அப்னர் கோட்டையின் வீரர் குடியிருப்பு ஏறத்தாழ பெரிக்கின் சமகாலத்தது.

நகரத்துக்குள், கோட்டையின் உறுப்பாக இல்லாமல், ஒரு முழுக் காலாட்படைப் பிரிவுக்காகத் திட்டமிட்டுக் கட்டப்பட்டது என்று சுருக்கினால் பெரிக்கின் உரிமை வலுவாகவே நிற்கிறது. 600 வீரர்களுக்கும் 36 அதிகாரிகளுக்கும் இடம். நடுவில் பயிற்சி முற்றம், கிழக்கிலும் மேற்கிலும் ஒன்றையொன்று பார்த்தபடி இரு நீண்ட கட்டடங்கள், வடக்கே முதலாம் ஜார்ஜ் மன்னரின் அரசச் சின்னம் பொறித்த வாயில். தெற்குப் பக்கத்தை 1739க்கும் 1741க்கும் இடையே கட்டிய கடிகாரக் கட்டடம் அடைத்தது. ஆனால் டப்ளினை ஒதுக்கிவிட்டு முதல் என்று சொல்லும்போது ஒரு முக்கியமான செய்தி மறைகிறது. இங்கிலாந்து மக்கள் தங்கள் மண்ணில் வேண்டாம் என்று சொன்ன ஒன்றை அயர்லாந்தில் ஏற்கெனவே பெரிய அளவில் கட்டி முடித்திருந்தார்கள். பிளாக்ஸ்டனின் கோட்பாடு கடலைத் தாண்டவில்லை.

வரைந்தவர் யார்?

இந்தப் பகுதியில் ஆதாரம் குறைவு, வாதம் அதிகம். கனத்த வாயில், படிப்படியாக ஏறும் முகட்டுச் சுவர்கள், அலங்காரம் தவிர்த்த கல்முகப்பு ஆகியவற்றைப் பார்த்தவர்கள், பிளெனிம் மாளிகையைக் கட்டிய ஜான் வான்பரோவின் பெயரைச் சொன்னார்கள். ஆர்ட்னன்ஸ் வாரியத்தின் தலைவராக இருந்த மார்ல்பரோ கோமகனுக்காகக் கட்டப்பட்டதே பிளெனிம் என்பதால் இந்த ஊகம் இயல்பாக எழுந்தது. அந்தக் காலத்து வாரியக் கட்டடங்கள் பலவற்றையும் வான்பரோவுக்கே சூட்டிய எழுத்தாளர்கள் உண்டு. ஆனால் நடையொற்றுமைக்கு அப்பால் அதற்கு வலுவான ஆவணம் காட்டப்படவில்லை.

இன்று பெரும்பாலோர் ஏற்பது நிக்கலஸ் ஹாக்ஸ்மூரின் பெயரை. லண்டன் தேவாலயங்களால் புகழ்பெற்ற இவருடைய கையால் ஆனவை எனக் கருதப்படும் வரைவுகளே இதற்கு அடிப்படை. மூன்றாவது நிலைப்பாடு இன்னும் நிதானமானது: ஹாக்ஸ்மூர் கருத்தைத் தந்திருக்கலாம், எழுந்து நிற்கும் கட்டடமோ வாரியத்துப் பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும் சுருக்கி, எளிமையாக்கி முடித்தது. இதுவே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. புகழ்பெற்ற ஒரு பெயரைச் சூட்டுவதால் சுற்றுலாப் பலகைக்கு நன்மை உண்டு. ஆனால் வாரியம் தனக்கென ஒரு கட்டட நடையை வளர்த்துக்கொண்டிருந்தது என்ற உண்மை அந்தப் பெயரின் நிழலில் மங்கிவிடுகிறது.

ஒழுங்கும் பிரிவும்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேள்வியே உருமாறியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு, 1792இல் பிரதமர் பிட்டின் அரசு ஆலிவர் டிலான்சியைக் குடியிருப்புகளுக்கான தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், ஷெஃபீல்டு போன்ற தொழில் நகரங்களில் குதிரைப்படைக் குடியிருப்புகள் எழுந்தன. எல்லையோ அந்நியப் படையெடுப்போ அங்கே காரணமல்ல. தொழிலாளரிடம் பரவிய புரட்சிக் கருத்து வீரர்களைத் தொற்றக் கூடாது என்ற எண்ணம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. எதிர்க்கட்சியின் சார்ல்ஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸும் தோழர்களும் 1793இல் பழைய அரசியலமைப்பு வாதத்தை மீண்டும் எடுத்து வீசினார்கள். பலிக்கவில்லை. டிலான்சி தாறுமாறான கணக்குகளோடு 1804இல் விலகினார், கட்டடங்கள் நின்றன.

பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் ஃபூக்கோ 1975இல் எழுதிய நூல் இந்த மாற்றத்துக்கு ஒரு பொதுக் கோட்பாடு தந்தது. பிரான்சில் 1719ஆம் ஆண்டு ஆணை படைக் குடியிருப்புகளைப் பெருமளவில் கட்டச் சொன்னதை அவர் எடுத்துக்காட்டுகிறார். சிறை, பள்ளி, மருத்துவமனைபோலப் படைக் குடியிருப்பும் உடல்களை அடைத்து, பிரித்து, கண்காணித்துப் பழக்கும் இடம் என்பது அவர் பார்வை. பெரிக்கின் காலமும் அதுவே என்பதால், முற்றத்தைச் சுற்றி எதிரெதிராக நிற்கும் அந்தச் சன்னல் வரிசைகளை அப்படி வாசிக்கத் தோன்றும். ஆனால் கோட்பாடு கட்டடத்தை மிஞ்சிவிடக் கூடாது. பெரிக் வீரன் மதிலுக்குள் உறங்கினாலும், சிறைக் கைதியைப்போல நாள் முழுதும் அடைபட்டவன் அல்லன். ஊரின் கடைத்தெரு சில நிமிட நடைத் தூரம். தேவாலயம் வாயிலுக்கு எதிரே இருந்தது.

கட்டியவர்களின் திட்டத்தைவிட உள்ளே வாழ்ந்த வாழ்க்கை இந்தக் கோட்பாட்டைச் சரியாகச் சோதிக்கும். 18ஆம் நூற்றாண்டுப் படைக் குடியிருப்புகளில் இரண்டு வீரருக்கு ஒரு கட்டில் என்பது பொது வழக்கம். உறங்குவதும் உண்பதும் துப்பாக்கி துடைப்பதும் ஒரே அறையில். அந்த அறையின் கணப்பில்தான் சமையலும். ரெஜிமெண்டின் அனுமதியோடு மணந்துகொண்ட சிலரின் மனைவியர் அதே அறையின் மூலையில், ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு அதன் மறைவில் குடும்பம் நடத்தினார்கள். நூறு பேருக்கு ஏறத்தாழ ஆறு மனைவியர் என்பது படை ஒப்புக்கொண்ட கணக்கு. துணி துவைத்தும் தைத்தும் அவர்கள் பிழைத்தார்கள். அந்தப் போர்வைக்குப் பின்னால் குழந்தைகள் பிறந்தன. ஒழுங்குக்காகக் கட்டிய அறை இப்படித்தான் இருந்தது.

இந்த நெருக்கத்தின் விலை 19ஆம் நூற்றாண்டில் எண்ணாக வந்தது. கிரிமியப் போருக்குப் பின் சிட்னி ஹெர்பர்ட் தலைமையில், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலின் உழைப்பைப் பின்புலமாகக் கொண்டு அமைந்த ஆணையம் 1858இல் அறிக்கை தந்தது. உள்நாட்டில், அமைதிக் காலத்தில், படையில் ஆயிரத்துக்கு 17.5 பேர் ஆண்டுதோறும் இறந்தார்கள். அதே வயதுப் பொதுமக்களிடையே 9.2 பேர். தேர்ந்தெடுத்த, உடல் தகுதியுள்ள இளைஞர்கள் போர்க்களத்தில் அல்ல, தங்கள் கட்டிலிலேயே ஏறத்தாழ இருமடங்கு இறந்தார்கள். படைக் குடியிருப்பைப் பற்றி அதுவரை பேசிய எந்தத் தரப்பும், அரசியல் சட்டக்காரரும் சரி, பிட்டின் அமைச்சர்களும் சரி, அதனுள் சுவாசித்தவரின் நுரையீரலைக் கணக்கில் எடுக்கவில்லை.

ரெஜிமெண்ட் வந்து சேர்ந்த கதை

ரெஜிமெண்டும் பெரிக்கும் ஆதியிலிருந்தே ஒன்று என்ற எண்ணம் அருங்காட்சியகத்துக்கு வருவோரிடம் எளிதில் படியும். ஆவணம் வேறு சொல்கிறது. பிற்காலத்தில் கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் ஆன படை, 1689 மார்ச்சில் எடின்பரோவில் லெவன் பிரபுவால் திரட்டப்பட்டது. நகரைக் காக்க முரசறைந்து சில மணி நேரத்தில் 800 பேரைச் சேர்த்தார் என்பது மரபுச் செய்தி. 1759 ஆகஸ்டு 1 அன்று ஜெர்மனியின் மிண்டனில் போரிட்ட நினைவாக அந்த நாளில் ரோஜா சூடுவது அதன் வழக்கமாயிற்று. 1782இலிருந்து 1805 வரை அதன் பெயர் சசெக்ஸ் ரெஜிமெண்ட். சசெக்ஸோ தெற்கு இங்கிலாந்தின் கடற்கரை மாவட்டம்! 1870களில் அதன் தலைமை இல்லம் யார்க் நகரில் இருந்தது. 1881ஆம் ஆண்டுப் படைச் சீர்திருத்தத்தில்தான் பெரிக் அதற்கு ஒதுக்கப்பட்டது. ஸ்காட்டிஷ் என்ற அடைமொழி பெயரில் ஏறியது 1887இல். ஸ்காட்டிஷ் ரெஜிமெண்ட் ஒன்றின் தலைமை இல்லம் இங்கிலாந்து மண்ணில் இருந்த விந்தையும் அப்படித்தான் பிறந்தது.

ஆக, கட்டி முடித்து 160 ஆண்டுகள் வரை இந்த அறைகளில் வேறு வேறு ரெஜிமெண்டுகள் வந்து தங்கிப் போயின. பார்டரர்ஸ் இங்கிருந்தது 1960களின் தொடக்கம் வரை, எண்பது ஆண்டுகள் மட்டுமே. ரெஜிமெண்டின் ஊர்ப்பற்று எனப்படுவது பெருமளவு விக்டோரியா காலத்துச் சீர்திருத்தத்தின் விளைவு என்று வரலாற்றாளர் டேவிட் ஃபிரெஞ்ச் தம் 2005ஆம் ஆண்டு நூலில் காட்டிய வாதத்துக்குப் பெரிக் நல்ல சான்று. இதற்கு ரெஜிமெண்ட் பக்கத்து மறுமொழியையும் தள்ளிவிட முடியாது. எண்பது ஆண்டு என்பது மூன்று தலைமுறை. எல்லைப்புறக் கிராமங்களிலிருந்து இந்த வாயில் வழியாகப் போய் முதல் உலகப் போரில் கலிபோலியிலும் பிரான்சிலும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த உறவு செயற்கையானதல்ல. 1915இல் லூஸ் போர்க்களத்தில் நச்சுப்புகைக்கு நடுவே பதுங்குகுழியின் மேலேறிப் பைப் ஊதி விக்டோரியா சிலுவை பெற்ற டேனியல் லெய்ட்லா, பெரிக்‌ஷைர் மாவட்டத்துக்காரர். வந்த வழி நிர்வாக ஆணையாக இருக்கலாம். பிறகு அது மெய்யான உறவாயிற்று.

ஓர் ஒற்றுமை இங்கே குறிக்கத்தக்கது. 1689இல் ரெஜிமெண்டைப் பிறப்பித்ததும் 1717இல் கட்டடத்தைப் பிறப்பித்ததும் ஒரே அச்சம்: ஸ்டூவர்ட் வம்சம் திரும்பிவிடும் என்பது. 1746இல் கலோடன் களத்தில் அந்த அச்சத்துக்கு முடிவு கட்டிய அரசுப் படையிலும் இந்த ரெஜிமெண்ட் இருந்தது. ஸ்காட்டிஷ் பெருமையின் அடையாளமாக இன்று பார்க்கப்படும் படை, சக ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு எதிராகவும் நின்றது.

அருங்காட்சியகம் சொல்வதும் விடுவதும்

பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட ரெஜிமெண்ட் அருங்காட்சியகங்கள் உள்ளன. தொடக்கத்தில் இவை பொதுமக்களுக்காக அமைந்தவை அல்ல. புதிதாகச் சேர்ந்த வீரனுக்கு ரெஜிமெண்டின் வெற்றிகளைக் கற்பிக்கக் கொடி, பதக்கம், வாள், வெள்ளிப் பாத்திரம் ஆகியவற்றைத் தலைமை இல்லத்தின் அறையொன்றில் சேர்த்து வைத்தார்கள். பீட்டர் துவெய்ட்ஸ் 1996இல் இவற்றை ஆராய்ந்து நூல் எழுதினார். இத்தகைய அருங்காட்சியகங்களின் மீது வைக்கப்படும் பொதுவான குறை, அவை அதிகாரிகளின் பொருள்களையும் களப் பெருமையையும் முன்னிறுத்துகின்றன என்பது. படை போய் இறங்கிய நாட்டு மக்கள் அங்கே பெரும்பாலும் பின்னணியே. டார்செட் மாவட்டத்தின் டார்செஸ்டரிலும் பழைய படை இல்லத்தின் வாயிற்கட்டடமே அருங்காட்சியகம். அங்கே போற்றப்படும் 39ஆம் ரெஜிமெண்ட் 1754இல் சென்னையில் வந்திறங்கியது. இந்தியாவுக்கு வந்த முதல் அரசப் படை என்பதால் ‘இந்தியாவில் முதல்வர்’ என்று பொருள்படும் லத்தீன் தொடரைத் தன் விருதுவாக்காக்கியது. கரையில் இருந்தவர்களுக்கு அந்த வருகை என்னவாக இருந்தது என்பதை ஒரு விருதுவாக்கால் சொல்ல முடியாது.

பெரிக்குக்கும் இத்தகைய கடினமான நாள் உண்டு. 1914 ஜூலை 26 அன்று, டப்ளினில் பேச்சலர்ஸ் வாக் என்ற ஆற்றங்கரைத் தெருவில், பார்டரர்ஸின் இரண்டாம் பட்டாலியனைச் சேர்ந்த வீரர்கள் ஏளனம் செய்து கல்லெறிந்த கூட்டத்தை நோக்கிச் சுட்டார்கள். குறைந்தது மூவர் இறந்தனர், பலர் காயமுற்றனர். அவர்கள் திரும்பிக்கொண்டிருந்த இடம் ராயல் பாரக்ஸ். அந்தக் குடியிருப்பு 1922இல் ஐரிஷ் அரசின் கைக்கு வந்து, ஐரிஷ் விடுதலைத் தலைவர் மைக்கேல் காலின்ஸின் பெயரைப் பெற்று, 1997 முதல் அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் பகுதியாக இருக்கிறது. ஒரே நிகழ்ச்சியின் இரு தரப்பினரும் இன்று முன்னாள் படைக் குடியிருப்புகளிலேயே நினைவுகூரப்படுகிறார்கள். ஒன்றில் சுட்ட ரெஜிமெண்டின் நினைவு, மற்றதில் சுடப்பட்ட நாட்டின் நினைவு. டப்ளின் அருங்காட்சியகம் ஐரிஷ் விடுதலைப் படையை மட்டுமின்றி, பிரிட்டிஷ் படையில் சேவை செய்த ஐரிஷ்காரர்களையும் தன் காட்சியில் சேர்த்துக்கொண்டது. தேசிய நிறுவனத்துக்கு அந்த அகலம் கைகூடுகிறது. பழைய வீரர்களின் கொடையில் வளர்ந்த ரெஜிமெண்ட் அருங்காட்சியகத்துக்கு அது எளிதல்ல. ஆனால் முடியாததும் அல்ல.

பெரிக்கில் இன்னொரு வகையான அகலம் கிடைத்திருக்கிறது. ஒரே மதிலுக்குள் ரெஜிமெண்ட் அருங்காட்சியகத்தோடு, பிரிட்டிஷ் காலாட்படை வீரனின் பொது வாழ்வைச் சொல்லும் காட்சியும், கடிகாரக் கட்டடத்தில் நகர அருங்காட்சியகமும் அமைந்தன. கப்பல் வணிகர் வில்லியம் பரல் கொடுத்த ஓவியங்களும் கலைப்பொருள்களும் நகரத்துக்குரியவை. மக்களிடமிருந்து பிரிக்கக் கட்டிய மதிலுக்குள் நகரம் தன் சேகரத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. மூன்று கதைகளும் அடுத்தடுத்து இருந்தாலும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றனவா என்பது வேறு கேள்வி.

தீராதவை

முதலாவது என்ற வாதத்தை எல்லை வகுத்துத் தீர்த்துவிடலாம். வடிவமைப்பாளர் பற்றிய வாதம் புதிய வரைபடம் கிடைத்தாலன்றி நகராது. ஏன் கட்டினார்கள் என்பதில், நகரச் சபைப் பதிவேடுகளையும் ஆர்ட்னன்ஸ் வாரியத்தின் நடவடிக்கைக் குறிப்புகளையும் தேதி வாரியாகப் பக்கத்தில் வைத்துப் படித்தால் முறையீட்டுக்கும் கிளர்ச்சிக்கும் உரிய பங்கை இன்னும் துல்லியமாகப் பிரிக்க முடியும்.

அருங்காட்சியகத்தைப் பற்றிய கேள்வி கடினமானது. பார்டரர்ஸ் என்ற ரெஜிமெண்ட் 2006இல் ராயல் ஸ்காட்ஸோடு இணைக்கப்பட்டு, ராயல் ரெஜிமெண்ட் ஆஃப் ஸ்காட்லாந்து என்ற புதிய அமைப்புக்குள் போய்விட்டது. பழைய பெயரில் பணியாற்றியவர்கள் மூப்படைகிறார்கள். அவர்களுக்குப் பிறகு அந்தக் காட்சிப் பேழைகள் யாரிடம் பேசும்? உறவு முறிந்தபின் ரெஜிமெண்டின் நினைவை மட்டும் சுமந்து இந்தக் கட்டடம் நீடிப்பது கடினம் என்றே கருதுகிறேன். 1881க்கு முன் இங்கே படுத்தெழுந்த ஆயிரக்கணக்கான வீரர்களின் பெயர்கள், அவரவர் ரெஜிமெண்டின் வருகைப் பட்டியல்களில், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. மனைவியரும் குழந்தைகளும் அந்தப் பட்டியல்களில் அரிதாகவே வருவார்கள். அவர்களைத் தேட வாயிலுக்கு எதிரே நிற்கும் தேவாலயத்தின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளுக்குத்தான் போக வேண்டும். இவ்விரண்டையும் சேர்த்து வைத்து, அறை அறையாக, ஆண்டு ஆண்டாக இந்தக் குடியிருப்பின் வரலாற்றை எழுதும் பணி செய்யத்தக்கது. பிரிவு எவ்வளவு வெற்றி பெற்றது, ஊரும் படையும் எவ்வளவு கலந்தன என்ற பழைய கேள்விக்கு, பிளாக்ஸ்டனிடமோ ஃபூக்கோவிடமோ கிடைக்காத விடை அதில் கிடைக்கலாம்.